நீங்கள் கேட்டவை: அமெரிக்கா தன் காற்றையும் நீரையும் காக்கச் சட்டம் எழுதிய காலம்

கேள்வி: ரேச்சல் கார்சனின் ஒரு புத்தகத்தால்தான் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் இயக்கம் பிறந்தது என்று எங்கள் பாடநூல் சொல்கிறது. ஒரு புத்தகத்துக்கு அவ்வளவு வலிமை உண்டா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: புத்தகம் வருவதற்கு முன்பே மக்கள் மனத்தில் பயம் குடியேறியிருந்தது. 1948 அக்டோபர் கடைசியில் பென்சில்வேனியா மாநிலத்தின் டொனோரா என்ற ஆலை ஊரில், பள்ளத்தாக்கின் குளிர்ந்த காற்றுக்கு மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்தது. துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் விட்ட புகை மேலே போக வழியில்லாமல் நாள்கணக்கில் ஊருக்குள்ளேயே தங்கியது. 20 பேர் இறந்தார்கள். சுமார் 14,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி நோயில் விழுந்தார்கள். மழை வந்த பிறகுதான் புகை கலைந்தது. அடுத்த பத்தாண்டில் அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்ட்ரான்சியம்-90 பாலில் கலந்திருப்பது தெரியவந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அந்தக் கதிரியக்கத்தை அளந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு வீட்டுக்குள் வந்துவிட்டது என்ற எண்ணம் அப்போதே தாய்மார்களிடம் ஊன்றிவிட்டது. 1962இல் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைச் சொன்ன கார்சனின் 'சைலன்ட் ஸ்பிரிங்' வெளிவந்தபோது அதைப் படிக்க நாடு தயாராக இருந்தது.

அந்தப் புத்தகம் எச்சரித்த பூச்சிக்கொல்லியான டிடிடி கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. அதனால் புழுவிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் போகப் போக உடலில் அதன் செறிவு கூடிக்கொண்டே போகும். பறவையின் உடலில் அது டிடிஇ என்ற பொருளாக மாறி, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுக்கிறது. ஓடு மெலிந்த முட்டை, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கிவிடும். அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு, அலாஸ்காவையும் ஹவாயையும் நீக்கிப் பார்த்தால், 1963இல் 417 இணைகள்தான் மிஞ்சியிருந்தன.

உங்கள் பாடநூல் விட்டுவிட்ட பகுதி இனிமேல்தான் வருகிறது. கார்சன் 1964 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். டிடிடி தடை வந்தது 1972இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டைச் சேர்ந்த சில விஞ்ஞானிகளும் ஒரு வழக்கறிஞரும். உள்ளூர் கொசு ஒழிப்புத் துறை டிடிடி தெளிப்பதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 1967இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கி, மாநிலம் மாநிலமாக வழக்குப் போட்டார்கள். கடைசியில் கூட்டாட்சி அளவில் 7 மாதம் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி தடை தேவையில்லை என்றே எழுதினார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் அதை ஏற்காமல் 1972 ஜூனில் தடை ஆணை போட்டார். பொதுச் சுகாதாரப் பயன்பாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் விலக்கு இருந்தது. 2007இல் வெண்தலைக் கழுகை ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, அதே பகுதியில் கிட்டத்தட்ட 10,000 இணைகள் இருந்தன.

கேள்வி: நதி கொழுந்துவிட்டு எரியும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. '1969, அமெரிக்கா' என்று போட்டிருக்கிறார்கள். உண்மைதானா?
– ஈரோடு வாசகர்

பதில்: நதி எரிந்தது உண்மை. தீயின் நடுவே படகு தெரிகிற படமாக இருந்தால், அது 1952இல் எடுத்தது. கிளீவ்லாந்து நகரின் குயாஹோகா நதி 1868 முதல் பத்துப் பன்னிரண்டு முறை எரிந்திருக்கிறது. நீரின் மேல் எண்ணெய்ப் படலமும், அதில் ஊறிய மரக்கட்டைகளும் பாலத் தூண்களில் சிக்கித் தேங்கும். மேலே போகும் ரயிலிலிருந்து ஒரு பொறி விழுந்தால் போதும். 1969 ஜூன் 22 அன்று பிடித்த தீ அரை மணி நேரத்துக்குள் அணைந்துவிட்டது. இரண்டு ரயில் பாலங்கள் சேதமாயின, இழப்பு சுமார் 50,000 டாலர். படமெடுப்பவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகஸ்டில் 'டைம்' இதழ் நதியைப் பற்றி எழுதியபோது பழைய படத்தைப் போட்டது, அதுவே நிலைத்துவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தீக்கு முந்தைய ஆண்டே, 1968இல், கிளீவ்லாந்து மக்கள் நதியைச் சுத்தம் செய்ய 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்திருந்தார்கள். மேயர் கார்ல் ஸ்டோக்ஸ் தீக்கு மறுநாள் செய்தியாளர்களை நதிக்கரைக்கு அழைத்துப் போய், நகரம் பணம் போட்டாலும் நதியின் மேல்பகுதியில் இருக்கும் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு இல்லை என்பதைக் காட்டினார். உள்ளூர் நிர்வாகத்தால் மட்டும் ஒரு நதியைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு அவர் காட்டிய இடங்களே சாட்சி.

கேள்வி: எண்ணூரில் 2017இல் எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினோம். அமெரிக்காவின் சாண்டா பார்பரா கசிவைப் பற்றி அப்போது பேசினார்கள். அங்கே என்ன நடந்தது?
– எண்ணூர் வாசகர்

பதில்: எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதின. சாண்டா பார்பராவில் கிணறே வெடித்தது. கலிபோர்னியா கரையிலிருந்து சுமார் 6 மைல் தள்ளி, 1969 ஜனவரி 28 அன்று, சுமார் 3,500 அடி ஆழத்துக்குத் துளையிட்டு முடித்து, துளைக் குழாயை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து அழுத்தம் பீறிட்டது. மேல்வாயை அடைத்துவிட்டார்கள். போர்வெல் போட்டவர்களுக்குக் கேசிங் பைப்பின் அருமை தெரியும். மேல் மண் சரியாமலும் அழுத்தம் பக்கவாட்டில் கசியாமலும் காப்பது அதுதான். கடலடியில் குறைந்தது 300 அடிக்குக் கேசிங் இறக்க வேண்டும் என்பது விதி. அரசு விலக்கு அளித்ததால் இந்தக் கிணற்றில் 239 அடிதான் இருந்தது. வாயை அடைத்ததும் எண்ணெய் கேசிங்குக்குக் கீழே பக்கவாட்டில் பாறையைப் பிளந்துகொண்டு கடல் தரையிலிருந்து வெளியேறியது. சேறும் சிமென்டும் இறக்கிப் பெருங்கசிவை அடக்க 10 நாளுக்கு மேல் ஆனது. சுமார் 30 லட்சம் கேலன் கடலில் கலந்தது, ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன.

விதி இருந்தும் விலக்கு கொடுத்த அதிகாரி யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்த சட்டங்கள் இந்த ஓட்டையைத்தான் குறிவைத்தன.

கேள்வி: புவி நாள் ஏன் ஏப்ரல் 22? லெனின் பிறந்தநாள் என்கிறார்களே!
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: 1970 ஏப்ரல் 22 லெனினின் நூற்றாண்டு என்பது சரி. அப்போதும் சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் செனட்டர் கேலார்ட் நெல்சனும் ஒருங்கிணைப்பாளர் டெனிஸ் ஹேய்ஸும் பார்த்தது கல்லூரி நாட்காட்டியை. வசந்த விடுமுறை முடிந்திருக்க வேண்டும், ஆண்டுத் தேர்வு தொடங்கியிருக்கக் கூடாது, வாரத்தின் நடுநாளாக இருக்க வேண்டும். அன்று சுமார் 2 கோடிப் பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒருவர்.

கேள்வி: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைத் தொடங்கியவர் நிக்சன். அவர் உண்மையிலேயே இயற்கையின் நண்பரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, நிக்சன் காற்று வீசும் திசையைப் பார்த்து நடந்தவர். 1970 ஜனவரி 1 அன்று தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு விவசாயத் துறையிலிருந்து பூச்சிக்கொல்லியையும், உள்துறையிலிருந்து நீரையும், சுகாதாரத் துறையிலிருந்து காற்றையும் பிரித்தெடுத்து ஒரே முகமையில் சேர்த்தார். பூச்சிக்கொல்லியை விற்கச் சொல்லும் துறையே அதற்குத் தடை போடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால், அந்தப் பிரிப்பு அவசியமாக இருந்தது. 1970 டிசம்பர் 2 முதல் முகமை இயங்கியது. டிசம்பர் 31 அன்று காற்றுச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். ஆனால் 1972 அக்டோபரில் நீர்ச் சட்டம் செலவு மிகுந்தது என்று வீட்டோ செய்தார். உடனே செனட் 52–12 என்றும் பிரதிநிதிகள் சபை 247–23 என்றும் வாக்களித்து அவர் முடிவை முறியடித்தன. பிறகும் ஒதுக்கிய பணத்தை முழுதாக விடாமல் வைத்துக்கொண்டார். 1975இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சட்டங்களைக் கட்டியவர்கள் என்று சொல்வதானால் செனட்டர்கள் எட்மண்ட் மஸ்கியையும் ஹென்றி ஜாக்சனையும் சொல்ல வேண்டும்.

அந்த ஜனவரி 1 சட்டம் சில பக்கங்கள்தான். பெரிய கூட்டாட்சித் திட்டம் எதற்கும் முன்கூட்டியே தாக்க அறிக்கை எழுத வேண்டும், மாற்றுவழிகளையும் அதில் ஆராய வேண்டும் என்றது. அணுசக்தி ஆணையம் அறிக்கையைக் கோப்பில் வைத்துவிட்டு, யாராவது கேட்டால்தான் பிரிப்போம் என்றது. மேரிலாந்தின் கால்வெர்ட் கிளிஃப்ஸ் அணுமின் நிலைய வழக்கில், 1971இல், நீதிமன்றம் அந்த வழக்கத்தை உடைத்தது. ஆனால் இந்தச் சட்டம் முறையைத்தான் கட்டாயமாக்குகிறது. கெடுதல் என்று நேர்மையாக எழுதிவிட்டு அதே திட்டத்தைக் கட்டவும் தடையில்லை. இப்படி ஒரு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் மாற்றுவழிகள் அத்தியாயத்திலிருந்து படியுங்கள். 'எதுவும் செய்யாவிட்டால்' என்ற வழியை இரண்டு பத்தியில் ஒதுக்கியிருந்தால், முடிவை முன்பே எடுத்துவிட்டுப் பிறகு அறிக்கை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே திட்டத்தைத் துண்டு துண்டாகக் காட்டித் தாக்கத்தைச் சிறிதாக்குவது அடுத்த தந்திரம்.

கேள்வி: நாங்கள் சாயக்கழிவோடு மல்லாடுகிறவர்கள். நம் நாட்டிலும் அனுமதி, மாதிரி எடுப்பு, வாரியம் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் நீர்ச் சட்டத்தில் அப்படி என்ன தனியாக இருக்கிறது?
– திருப்பூர் வாசகர்

பதில்: 1972க்கு முன் அங்கேயும் சட்டம் இருந்தது. நதி இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அளவு வைத்திருந்தார்கள். நதி கெட்டால், எந்த ஆலையால் கெட்டது என்று அரசு நிரூபிக்க வேண்டும். ஒரே கரையில் முப்பது குழாய்கள் இருந்தால் யாரைப் பிடிப்பது? புதிய சட்டம் அளவுகோலை நதியிலிருந்து எடுத்துக் குழாய் வாயில் வைத்தது. அனுமதி இல்லாமல் குழாய் வழியே கழிவு விடுவதே குற்றம். அனுமதியில் எண்கள் இருக்கும், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 30 நாள் சராசரியில் லிட்டருக்கு 30 மில்லிகிராம், 7 நாள் சராசரியில் 45. மிதக்கும் திடப்பொருளுக்கும் அதே எண்கள். உள்ளே வந்த மாசில் 85 சதவீதம் நீங்கியிருக்க வேண்டும். அமில-கார அளவு 6 முதல் 9க்குள். அந்தந்த வகைத் தொழிலுக்குக் கிடைக்கும் தொழில்நுட்பம் எவ்வளவு சுத்தம் செய்யுமோ அதை வைத்து ஆலைகளுக்கும் அளவு குறித்தார்கள். நிலையம் கட்டும் செலவில் 75 சதவீதத்தைக் கூட்டாட்சி அரசு தந்தது. இந்தப் பணம் இல்லாமல் எண்கள் மட்டும் இருந்திருந்தால் நகரங்கள் கையை விரித்திருக்கும்.

சட்டத்தின் பல் வேறிடத்தில் இருக்கிறது. ஆலையே தன் கழிவை அளந்து, பொறுப்பான அதிகாரி கையெழுத்திட்டு, கண்காணிப்பு அறிக்கை அனுப்ப வேண்டும். பொய் எழுதினால் சிறை. அந்த அறிக்கையை யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அளவு மீறியிருந்தால், அதுவே ஆலை கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதல். பாதிக்கப்படும் எந்தக் குடிமகனும் ஆலைக்கும் மாநிலத்துக்கும் முகமைக்கும் 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வழக்குப் போடலாம். வென்றால் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். வழக்கறிஞர் செலவை எதிர்த் தரப்பிடமிருந்து நீதிமன்றம் வாங்கித் தரலாம். 1980களில் பல அமைப்புகள் இந்த அறிக்கைகளை வரிசையாக அடுக்கி, மீறிய மாதங்களை எண்ணியே வழக்குகளை வென்றன. 1987இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு வைத்தது: மீறல் முழுக்கக் கடந்த காலத்தோடு முடிந்துவிட்டால் குடிமக்கள் போடும் வழக்கு செல்லாது, மீறல் இன்னும் தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே அறிவிப்பு அனுப்புகிறவர்கள் கடைசி மாதத்து அறிக்கை வரை கையில் வைத்திருப்பார்கள்.

அறிக்கைகளில் எங்கே ஏமாற்றுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுக்க வேண்டிய இடத்தில் சுத்தமான நேரம் பார்த்து ஒரே ஒரு பாட்டில் பிடிப்பது ஒன்று. சராசரிக்குள் மோசமான நாளைக் கரைத்துவிடுவது இன்னொன்று. புதுப்பிக்க விண்ணப்பம் போட்டுவிட்டு, பழைய தளர்வான அனுமதியிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது மூன்றாவது.

நம் நீர்ச் சட்டத்திலும் 1988 திருத்தத்தில் 60 நாள் அறிவிப்போடு தனிநபர் குற்றப் புகார் தரும் வழி வந்தது. ஆனால் அங்கே ஆலையின் கையெழுத்தே சாட்சி. இங்கே சாட்சியத்தை நீங்கள் தேடித் திரட்ட வேண்டும். வித்தியாசம் அதில்தான்.

அவர்கள் சட்டத்துக்கும் பெரிய ஓட்டை உண்டு. குழாய் வழியே வராத கழிவுக்கு, குறிப்பாக வயல்களிலிருந்து வழிந்தோடும் உரத்துக்கு, இந்த அனுமதி முறை பொருந்தாது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய பாசி நஞ்சால் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் போனதற்கு, வயல் உரத்தின் பாஸ்பரஸ் முக்கியக் காரணம். எண்ணும் கெடுவும் வழக்குரிமையும் வைத்த இடத்தில் நீர் தெளிந்தது, வைக்காமல் விட்ட இடத்தில் இன்றும் பச்சையாக நாறுகிறது.

கேள்வி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அமெரிக்கச் சட்டத்தால் வந்தது என்கிறார்கள். ஈயமில்லாத பெட்ரோலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
– மெக்கானிக், கோவை

பதில்: 1970 காற்றுச் சட்டம் கார்களின் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 1975 மாடலுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியவே முடியாது என்று அமெரிக்கக் கார்த் தொழிலின் மையமான டெட்ராய்ட் கைவிரித்தது. ஹோண்டா, புகைக்குழாயில் பொருத்தி நச்சு வாயுக்களை மாற்றும் அந்தக் கன்வெர்ட்டரே இல்லாத சிவிசிசி இன்ஜினால் 1975 அளவை எட்டிக் காட்டியது. கெடு சில முறை தள்ளிப்போய், 1980களின் தொடக்கத்தில்தான் முழு அளவும் நிறைவேறியது. ஆனாலும் எண்ணும் தேதியும் சட்டத்திலேயே எழுதியிருந்ததால் யாராலும் அதை மறக்கடிக்க முடியவில்லை.

கன்வெர்ட்டரின் தேன்கூட்டில் பூசியிருக்கும் பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்தால் அது செத்துவிடும். அதனால் 1974 ஜூலை முதல் பெரிய பெட்ரோல் பங்குகள் ஈயமில்லாத பெட்ரோல் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதற்கு மெல்லிய நாசில், புதிய கார்களின் டேங்க் வாயில் குறுகிய வளையம். ஈயப் பெட்ரோல் சில காசு மலிவு என்பதால் வளையத்தைக் குடைந்தும் புனல் வைத்தும் ஊற்றியவர்கள் உண்டு. கன்வெர்ட்டர் பாழானது அவர்களுக்கு வெளியே தெரியவில்லை, புகையில்தான் தெரிந்தது. கேலனுக்கு 2 கிராமுக்கு மேல் இருந்த ஈயம் 1986இல் 0.1 கிராம் ஆனது. 1996இல் சாலை வாகனங்களுக்கு முழுத் தடை. 1970களின் கடைசியில் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக இருந்த அமெரிக்கர்களின் சராசரி இரத்த ஈயம் 1990 வாக்கில் 2.8க்கு இறங்கியது. காரை உத்தேசித்துச் செய்த மாற்றம் குழந்தைகளின் மூளையைக் காப்பாற்றியது. இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் தொடங்கி 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நீங்கியது.

உங்கள் பட்டறைக்கு ஒரு வார்த்தை: மிஸ்ஃபயர் ஆகும் வண்டியை அப்படியே ஓட்டவிடாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். வண்டி இழுக்காது. கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் பிளக்கையும் காயிலையும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: தங்கள் நாட்டைச் சுத்தம் செய்துவிட்டு அழுக்குத் தொழிலை நம்மிடம் தள்ளினார்கள் என்பது சரியா?
– கொடைக்கானல் வாசகி

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானி ஆலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்ததைக் கண்டுபிடித்த பிறகே அது மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு திரும்ப அமெரிக்காவுக்கே கப்பலேறியது. டிடிடியும் அங்கே தடையான பிறகு சில ஆண்டுகள் ஏற்றுமதிக்காகத் தயாரானது. அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் அமெரிக்கா 1990இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 1984 போபால் விபத்துக்குப் பிறகு, அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையில் 1985 ஆகஸ்டில் நச்சுக்கசிவு ஏற்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1986இல் அமெரிக்காவில் மக்கள் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. எந்த ஆலை எந்த நஞ்சை எவ்வளவு வெளியிடுகிறது என்ற ஆண்டுப் பட்டியல் அதன் பயன். போபால் மக்கள் கொடுத்த விலையில் அமெரிக்க ஊர்கள் பாதுகாப்புப் பெற்றன.

கேள்வி: ஆட்சி மாறினால் இந்தச் சட்டங்கள் எல்லாம் போய்விடுமா?
– சென்னை வாசகர்

பதில்: சட்டத்தை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வேண்டும். விதியை மாற்ற, முன்வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டு, காரணம் எழுதி, பிறகு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். நிர்வாக ஆணையை ஒரே கையெழுத்தில் நீக்கலாம். ஏழைகள், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் நச்சு குவிவதைத் தடுக்க 1994இல் கிளின்டன் போட்ட ஆணை அப்படித்தான் 2025 ஜனவரியில் போனது. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் நச்சு மண் ஏற்றிய லாரிகளின் முன்னால் படுத்த மக்களின் போராட்டத்திலிருந்து வளர்ந்த உரிமை அது. சட்டமாக எழுதாமல் விட்டதன் விலை இதுதான். உச்ச நீதிமன்றமும் 2022இல் மின் நிலையங்களின் கரியமில வாயு விஷயத்திலும், 2023இல் ஈரநிலங்கள் விஷயத்திலும் முகமையின் கையைக் கட்டியிருக்கிறது. சட்டத்தை நீக்காமலே ஆளையும் பணத்தையும் குறைத்து முடக்கலாம். 1981 முதல் 1983 வரை ரீகன் ஆட்சி அதைத்தான் செய்தது. எதிர்ப்பு பெருகி முகமைத் தலைவர் ஆன் கோர்சச் விலக, ரக்கல்ஸ்ஹவுஸை மறுபடி அழைத்து வந்தார்கள்.

கேள்வி: மகன் நியூ ஜெர்சியில் வீடு பார்க்கிறான். அருகே 'சூப்பர்ஃபண்ட்' இடம் இருக்கிறதாம். வாங்கலாமா?
– சேலம் வாசகி

பதில்: அம்மா, பெயரைக் கேட்டே விலக வேண்டியதில்லை, விசாரிக்காமல் வாங்கவும் கூடாது. நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கால்வாயில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்த நிலத்தை ஒரு நிறுவனம் 1953இல் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்கு விற்றது. 1978இல் அங்கே குடியிருந்தவர்களை அரசு காலி செய்ய வைத்தது. நச்சுக் கழிவு தேங்கிய இடங்களைச் சுத்தம் செய்ய 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், ஆபத்து மதிப்பெண் 28.5ஐ எட்டும் இடங்களைத் தேசியப் பட்டியலில் சேர்க்க வழி செய்தது. மாநிலங்களில் நியூ ஜெர்சியில்தான் இவை அதிகம்.

மகன் முதலில் முகமையின் இணையதளத்தில் அந்த இடத்தின் பக்கத்தைத் திறந்து, 5 ஆண்டு மறுஆய்வு அறிக்கையில் நிலத்தடி மாசு பரவிய எல்லை வரைபடத்தைப் பார்க்கட்டும். தூரத்தைவிடத் திசை முக்கியம். நிலத்தடி நீர் ஓடும் பக்கமாக வீடு இருந்தால் கவனம் தேவை. வீட்டில் சொந்தக் கிணறா, நகராட்சிக் குழாயா என்று கேட்கட்டும். கிணறு என்றால் நீரைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாசு டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான் வகை என்றால், குழாய்த் தண்ணீர் நன்றாக இருந்தாலும் ஆவி அடித்தள விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். வழக்கமான வீட்டுப் பரிசோதனையில் இதைப் பார்ப்பதில்லை, தனியாகக் கேட்க வேண்டும். வீட்டை அடைத்துச் சூடேற்றும் குளிர்காலத்தில், தரைக்கு அடியிலும் அறைக் காற்றிலுமாக 24 மணி நேர மாதிரி எடுப்பது நல்லது. சலவைக்குப் போய் வந்த டிரை கிளீன் துணி, பசை, பெயின்ட் டப்பா இவற்றை முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவற்றின் ஆவியே முடிவில் ஏறிவிடும்.

தடுப்பு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தால், தரையைத் துளைத்து இறக்கிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று கூரைக்கு மேல் போகும், அதில் ஒரு விசிறி இரவும் பகலும் ஓடும். குழாயில் 'யு' வடிவக் குழல் ஒன்றில் நிறத் திரவம் இருக்கும். இரண்டு பக்கமும் திரவம் சம உயரத்தில் நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று பொருள். வீடு பார்க்கப் போகிற அன்றே மகன் அதைப் பார்த்துவிடட்டும்.